நாற்பது குதிரையும் நாலு வளைவும்

பிப்ரவரி வெயில் பத்து மணிக்கே ஓடுபாதையில் கானலை எழுப்பிவிட்டது. தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் தலைகள், தலைகள். தலைக்கு மேல் துண்டு, செய்தித்தாள், கையில் கிடைத்ததெல்லாம். தூரத்துப் புள்ளி ஒன்று பெரிதாகி ஃபியட் 1100 ஆகிறது. பம்பரைக் கழற்றிவிட்டார்கள். பின் சீட் இல்லை. முகப்பு விளக்குக் கண்ணாடி உடைந்தாலும் சிதறாதபடி குறுக்கே நாடா ஒட்டியிருக்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக், மூக்கு குனிகிறது. ஸ்டேரிங் தண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர்க் கம்பியை டிரைவர் நான்கிலிருந்து மூன்றுக்கு இழுக்கிறார். வண்டி ஒருபக்கம் சாய்கிறது, டயர் அலறுகிறது, உள்பக்கப் பின்சக்கரம் பாரமிழந்து வெறுமனே சுழல்கிறது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பின்னால் இருப்பது 1,089 சிசி இன்ஜின். கம்பெனி கொடுத்தது நாற்பது குதிரைத்திறன். மெக்கானிக் கூட்டியது இன்னும் சில. இன்றைக்கு அதைப் போல இரண்டு மடங்கு பவர் உள்ள கார்கள் தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வருகின்றன.

எழுபதுகளின் சோழவரத்தில் இது சாதாரணக் காட்சி.

சூளூர்பேட்டைக்காரர்களுக்குச் சோழவரம் தூரத்து ஊர் அல்ல. பஸ் ஏறினால் தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, காரனோடை. அடுத்து சோழவரம், அதன் பிறகு செங்குன்றம். பழைய ஜி.என்.டி. ரோடு இன்று தேசிய நெடுஞ்சாலை 16. பெயர் மாறினாலும் வழி அதே வழிதான். தென்னிந்தியாவின் கார் ரேஸ் வரலாற்றில் முப்பது வருடத்துக்கும் மேல் இந்தச் சாலையோரத்தில்தான் எழுதப்பட்டது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் பறந்தன. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. டீக்கடையில் கூட 'லேப் டைம்' என்ற சொல் புழங்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சூட்டில், ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பத்மினிகளையும் (ஃபியட் 1100-தான் பிற்பாடு பத்மினி ஆனது) ஹெரால்டுகளையும் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்ததும் மெக்கானிக்கிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பவர் எவ்வளவு ஏத்தலாம்?"

தப்பான கேள்வி. குறைந்தபட்சம், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

விமானத்துக்குப் போட்ட பாதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகமெங்கும் வேலையற்றுக் கிடந்தவை விமான ஓடுதளங்கள். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948-இல் ரேஸ் களங்களாயின. இரண்டும் போர்க்கால விமானத்தளங்கள். இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை ஓடுபாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சோழவரம் நம் பங்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு திருவிழா போல இங்கே ரேஸ் நடத்தியது.

மகாராஜாக்கள் வந்தார்கள், மில் முதலாளிகள் வந்தார்கள். எண்பதுகளில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். அந்தப் படங்கள்தான் இன்றும் பத்திரிகைகளில் வருகின்றன. ஆனால் கூட்டம் தன் சொந்தக் காராகப் பார்த்தது ஃபியட்டையும் அம்பாசடரையும் ஹெரால்டையும். வாரநாளில் ஆபீஸுக்குப் போன அதே மாடல் ஞாயிற்றுக்கிழமை ரேஸில் நின்றது.

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தக் களம் வந்தது. 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். சோழவரம் அடங்கியது. குட்வுட்டும் 1966-இல் மூடப்பட்டதுதான்; ஆனால் 1998-இல் பழைய கார்களுக்காகவே மீண்டும் திறந்து, அறுபதுகளின் உடையோடு வந்தவர்களை உட்காரவைத்து ரேஸ் நடத்துகிறார்கள். அப்படி ஒரு மறுபிறவி சோழவரத்துக்கு வாய்க்கவில்லை. அதனால் நம் ஊர் பழைய கார்க்காரர்கள் பந்தயத்தை விட்டு ஊர்வலத்துக்குப் பழகிவிட்டார்கள்.

பவர் இல்லாதவனுக்கு வளைவே சொத்து

ஃபார்முலா 1 கார் வளைவில் வேகத்தை இழந்தால், அடுத்த இரண்டு விநாடியில் இன்ஜின் அதைத் திருப்பித் தந்துவிடும். பத்மினியில் இழந்த வேகம் இழந்ததுதான். அடுத்த வளைவு வரும்வரை கடன் அடையாது.

அதனால்தான் சின்ன இன்ஜின் கார்களை ஓட்டுகிறவர்களுக்கு ஒரே மந்திரம்: வேகத்தைத் தூக்கிக்கொண்டு போ. நேர்ச்சாலையிலேயே பிரேக்கை முடித்துவிடு. களத்தின் வெளியோரத்திலிருந்து உள்விளிம்புக்கு இறங்கு, அங்கிருந்து மறுபடி வெளியோரத்துக்கு விரி. உள்விளிம்பைத் தொடும் அந்தப் புள்ளியை ரேஸ்காரர்கள் ஏபெக்ஸ் என்கிறார்கள். சாலை வளைவது 30 மீட்டர் ஆரத்தில் என்றாலும், கார் போகிற கோடு 40 மீட்டர் ஆரம் ஆகிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலமான இன்ஜின் உள்ள கார், வளைவுக்குள் மெதுவாக நுழைந்து, ஏபெக்ஸைத் தாமதமாகத் தொட்டு, சீக்கிரம் ஆக்சிலேட்டரை மிதிப்பது லாபம். நாற்பது குதிரைக்கு அது அவ்வளவாகச் சரிவராது. சீக்கிரம் மிதித்து என்ன வரப்போகிறது? அதற்கு முழு வளைவையும் ஒரே சீரான பெரிய வட்டத்தில் சுற்றுவதே பெரும்பாலும் மேல். விதிவிலக்கு, வளைவு முடிந்ததும் நீண்ட நேர்ச்சாலை வரும் இடம். அங்கே மட்டும் ஏபெக்ஸைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

இன்னொன்று, கை. ஸ்டேரிங்கை வெட்டித் திருப்புகிறவர் முன்டயரை உடனே வழுக்கவிடுகிறார். பத்மினியின் 5.20–14 அளவு கிராஸ்-பிளை டயர் மெல்ல நழுவி, முன்கூட்டியே கத்தி எச்சரிக்கும் ரகம். அந்தக் கத்தலைக் கேட்டு ஓட்டப் பழகினால் அதுவே மீட்டர். ரேடியல் டயர் போட்டால் பிடிப்பு கூடும். விடும்போது அவ்வளவு நிதானமாக விடாது.

───────────────
பெட்டிச் செய்தி: ஒரு வளைவின் வரவு செலவு

டிரைவரோடு சேர்த்து ஏறக்குறைய 1,000 கிலோ எடையுள்ள ஒரு பத்மினி. டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம்.

30 மீட்டர் ஆரத்தில் வழுக்காமல் போகக்கூடிய வேகம்: மணிக்கு சுமார் 55 கி.மீ.

கோட்டை விரித்து 40 மீட்டர் ஆக்கினால்: சுமார் 64 கி.மீ.

இந்த வித்தியாசத்தில் அடங்கிய ஆற்றல்: ஏறக்குறைய 39 கிலோஜூல். சக்கரத்துக்கு வந்து சேரும் பவர் 25 கிலோவாட் என்றால், முழு ஆக்சிலேட்டரில் ஒன்றரை விநாடி உழைப்பு.

இன்ஜினில் 4 குதிரை கூடுதலாக ஏற்றியவர், அந்தக் கூடுதல் நாலை மட்டும் வைத்து இதே ஆற்றலைச் சேர்க்க 15 விநாடிக்கு மேல் மிதிக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்காமலே இவ்வளவு. வளைவுக்காரருக்கு ஒவ்வொரு வளைவிலும் இது கிடைக்கிறது.
───────────────

ஹெரால்டின் கால்

எல்லாப் பழைய காருக்கும் ஒரே பாடம் செல்லாது. பத்மினிக்குப் பின்னால் பட்டைச் சுருளும் ஒரே துண்டு ஆக்ஸிலும். உடம்பு சாயும், ஆனால் குணம் நேர்மை. எல்லை மீறினால் உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சாதாரண டிஃபரன்ஷியல் அந்தத் தூக்கிய சக்கரத்துக்கே பவரைக் கொட்டி வீணடிக்கும். வளைவை விட்டு வெளியே வரும்போது ஏற்றிய குதிரைகள் புகையாவது இந்த இடத்தில்தான்.

அம்பாசடர் வேறு கதை. 1,489 சிசி இன்ஜின், முன்னால் டார்ஷன் பார், ரேக்-பினியன் ஸ்டேரிங். பவர் அதிகம், பாரமும் அதிகம். வளைவுக்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டிய வண்டி. நடுவில் மனம் மாறினால் அது கேட்காது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் ஆளை ஏமாற்றும். ட்ரயம்ஃப் நிறுவனம் 1959-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட கார். சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் நம்மூர் ஹெரால்டுகள் பிறந்தன. தனித்தனியாக அசையும் பின்சக்கரங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அசைவு இருந்தது, ஆனால் ஆக்ஸில் டிஃபரன்ஷியல் ஓரத்தில் மட்டும் மடிகிற அமைப்பு. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வால் சுழன்றுவிடும். இதே வகை அமைப்போடு அமெரிக்காவில் வந்த செவர்லே கோர்வேரைத்தான் ரால்ஃப் நாடர் 1965-இல் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் குற்றவாளியாக நிறுத்தினார். ஹெரால்டுக்கு வாரிசாக 1972-இல் சென்னையில் வந்த கஜல் காரில் அந்த அமைப்பைக் கைவிட்டு ஒரே துண்டு ஆக்ஸிலுக்குத் திரும்பினார்கள்.

ஹெரால்டு ஓட்டுகிறவருக்கு ஒரே கட்டளை: நுழையும் முன்பே வேகத்தைக் குறை, நுழைந்த பிறகு காலை எடுக்காதே. சொல்வது சுலபம். பயம் வந்த விநாடியில் கால் தானாக எழும்புவதுதான் மனித சுபாவம். அந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு மூடிய களம் வேண்டும்.

பட்டறையில் கிடைப்பது எவ்வளவு?

பவர் ஏற்றுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸிங் போட்டு ஒரு மில்லிமீட்டர் சீவினால் கம்ப்ரஷன் கூடும். ஏழரை என்றிருந்தது எட்டைத் தாண்டும். ஏட்டுக் கணக்குப்படி அதன் பலன் இரண்டரை சதவீதம். நாற்பதில் ஒரு குதிரை. ரீபோர் செய்து 68 மில்லிமீட்டர் சிலிண்டரை 69 ஆக்கினால் 1,089 சிசி, 1,122 ஆகும். மூன்று சதவீதம், இன்னொரு குதிரை. போர்ட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது, வால்வு சீட்டைச் சரிசெய்வது, அடைசல் இல்லாத புகைக்குழாய், பெரிய ஜெட், டைமிங் திருத்தம் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் இன்னும் சில. கேம் ஷாஃப்டை மாற்றினால் மேல் சுற்றில் பலம் வரும். கீழ்ச் சுற்றில் வந்ததை அது எடுத்துக்கொள்ளும். நாலு கியர் மட்டுமே உள்ள காரில் இந்தப் பேரம் அவ்வளவு நல்லதல்ல.

நாற்பது ஐம்பதானாலும் நேர்ச்சாலையின் உச்ச வேகம் கால் பங்கு கூடிவிடாது. காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 125 கி.மீ. ஓடிய வண்டி 134-ஐ ஒட்டி நின்றுவிடும். அதற்குள் பட்டறைப் பில் காரின் விலையைத் தொட்டிருக்கும்.

இதில் வெயிலுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும். 25 டிகிரியில் கிடைத்த பவரில் 40 டிகிரியில் இரண்டு முதல் ஐந்து சதவீதம் காணாமல் போகும். ஹெட்டைச் சீவிச் சம்பாதித்த குதிரையைச் சூளூர்பேட்டையின் மே மாதம் அப்படியே வாங்கிக்கொள்ளும். (பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புகிற ஊரில் ஒற்றைக் குதிரைக்கு இவ்வளவு கணக்கா என்று கேட்கலாம். ரேஸ் பைத்தியம் பிடித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.)

எடையைக் குறைப்பதே மலிவான பவர். நூறு கிலோவைக் கழற்றினால் பத்து சதவீதம் இன்ஜின் கூடிய பலன் முடுக்கத்தில் கிடைக்கும். அதோடு பிரேக்குக்கும் டயருக்கும் வளைவுக்கும் சேர்த்து லாபம். இன்ஜின் வேலையில் இந்தக் கூடுதல் வரவு கிடையாது.

ஏற்றிய பவர் எங்கே போய் முட்டும்?

முதலில் பிரேக்கில். பத்மினிக்கு நாலு பக்கமும் டிரம். 125 கி.மீ.க்குப் பதில் 134-இல் வளைவை நெருங்கினால், டிரம் விழுங்க வேண்டிய ஆற்றல் 15 சதவீதம் கூடுகிறது. இரண்டு மூன்று சுற்றில் டிரம் சூடேறி, பெடல் அழுத்தினாலும் வண்டி நிற்காத நிலை வரும். மிதித்தால் பிடிக்கும் என்ற நம்பிக்கை போனபின் ஓட்டுகிறவர் சீக்கிரமே பிரேக் போட ஆரம்பிப்பார். ஏற்றிய பவர் அங்கேயே காலி.

அடுத்தது இன்ஜினின் அடிவயிறு. அந்தக் காலத்து இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். சுற்றைக் கூட்டக்கூட ஷாஃப்ட் வளைந்து அதிரும். கியர்பாக்ஸ், கிளட்ச், பின் ஆக்ஸில், ரேடியேட்டர் எல்லாம் நாற்பதுக்கு அளவெடுத்துத் தைத்தவை. மேலும், பத்மினி தயாரிப்பு 2000-ஐ ஒட்டியே முடிந்துவிட்டது. உடைந்தால் பழைய இரும்புக்கடைதான் ஷோரூம்.

மூன்றாவது, பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 இன்று பங்க்குகளில் சாதாரணம். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. உள்ளே ஆக்ஸிஜனும் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகும். ஜெட்டைப் பெரிதாக்கத்தான் வேண்டும். ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற வேண்டும், இல்லையென்றால் கசிவு, கசிவுக்குப் பின் தீ. ஒரே ஆறுதல், இதில் ஆக்டேன் கூடுதல். சீவிய ஹெட்டோடு வரும் 'நாக்கிங்' சத்தம் கொஞ்சம் அடங்கும்.

───────────────
பெட்டிச் செய்தி: 'விஏ' பலகையும் சட்டமும்

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கார்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்'. நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்து வரும்.

புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. மறுபதிவு 5,000 ரூபாய்.

வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றம் உள்ளிட்ட பெரிய வேலை செய்திருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, எரிபொருள், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலைக்கு வரலாம்.

பொதுச்சாலையில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் தடவை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
───────────────

எங்கே ஓட்டுவது?

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு, பழவேற்காடு ஏரியின் குறுக்கே அளவுகோல் வைத்துப் போட்டது போன்ற சாலை. இளசுகளுக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கும். நெடுஞ்சாலை 16-ம் அப்படித்தான் அழைக்கும். வளைவே இல்லாத அந்தச் சாலைகளில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை, கொல்ல நிறைய உண்டு. லாரி, மாடு, மீன் கூடையோடு சைக்கிள், பருவத்தில் தாழப் பறக்கும் பூநாரைக் கூட்டம்.

மூடிய களத்திலும் பார்வையாளர் நிற்கிற இடம் சரியில்லையென்றால் விபரீதம்தான். 2024 ஏப்ரல் 21 அன்று இலங்கை தியத்தலாவையில் ஃபாக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் உண்டு. சோழவரக் காலத்துக் கயிற்றுத் தடுப்பை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் இருங்காட்டுக்கோட்டையும், கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் 2.1 கி.மீ. காரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. பின்னதற்குப் பெயர் கொடுத்த எஸ். கரிவரதன், 796 சிசி மாருதி இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அந்தச் சின்ன இன்ஜின் காரில்தான் நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-இல் இறங்கிய முதல் இந்தியரும் அவரே. இங்கிலாந்திலும் லோட்டஸ் நிறுவிய காலின் சேப்மன் தொடங்கியது ஒரு பழைய ஆஸ்டின் செவனை அறுத்து ஒட்டித்தான். இன்றும் தொடக்கநிலை ஓட்டுநர்களை ஃபார்முலா எல்ஜிபி வகுப்பில் 1.3 லிட்டர் சுசுகி இன்ஜினோடுதான் உட்காரவைக்கிறார்கள். பவர் குறைந்த கார் டிரைவரின் தப்பை மறைத்து வைக்காது என்பதே காரணம்.

ஆக, தார்ப்பாயை விலக்கியவர் செலவை எங்கே தொடங்க வேண்டும்? ஹப் பேரிங், ஸ்டேரிங் மூட்டுகள், பிரேக் குழாய், லைனிங், புது டயர், பெட்ரோல் ஹோஸ். பிறகு, ஆளைப் பிடித்துவைக்கும் ஒற்றை சீட்டும் பெல்ட்டும். பத்மினியின் பெஞ்ச் சீட்டில் வளைவில் டிரைவர் பக்கத்து ஜன்னல்வரை சறுக்குவார், விழாமலிருக்க ஸ்டேரிங்கைப் பிடித்துத் தொங்குவார். அதற்கும் பிறகு, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் களத்தில் ஒரு நாள். ஹெட்டும் கார்ப்பரேட்டரும் கடைசி வரிசை.

ரேஸில் இறங்க இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். கார் பரிசோதனையில் ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு எல்லாம் பார்ப்பார்கள். கூண்டைப் பற்றவைப்பது பாடியில் கை வைக்கும் வேலை, இன்ஜின் மாற்றமோ நேரடி மீறல். இரண்டுமே 'விஏ' பலகைக்கு எதிரி. முதல் பத்மினிகள் வந்த 1974-க்கு 2024-இல் ஐம்பது வயது ஆகிவிட்டது. இனி ஒவ்வொரு வருடமும் இன்னொரு வருடத்துத் தொகுதி அந்தத் தகுதிக்குள் வரும். தாத்தா வாங்கிய காரில், பேப்பரெல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில், கை வைக்காமல் பதிவுக்கு விடுவது புத்திசாலித்தனம். ரேஸுக்கு வேண்டியது வேறொரு பத்மினி. பேப்பர் காலாவதியானாலும் பாதகமில்லை, டிரெய்லரில் ஏற்றித்தான் களத்துக்குப் போகப்போகிறது. அப்படி ஒன்றைப் பார்க்கப் போகும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, கையில் சுத்தியலோடு அடியில் படுத்து, பட்டைச் சுருள் பாடியோடு சேரும் இடத்தில் துரு எவ்வளவு ஆழம் என்று தட்டிப் பார்க்க வேண்டும்.